சிறு தொழிலுக்கு மக்கள் தொடர்பு: எந்தக் கருவி, எந்த வரிசையில்?

விளம்பரம் கொடுத்தால் இடம் நிச்சயம். அதில் என்ன எழுதுவது என்பதும் நம் கையில். மக்கள் தொடர்பில் இரண்டுமே கிடையாது. நிருபர் மனது வைத்தால்தான் செய்தி வரும், வந்தாலும் அவர் எழுதுவதுதான் வரும். ஆனால் விளம்பரத்தைத் தாண்டிப் போகிற வாசகர், யாரோ மூன்றாமவர் எழுதிய நாலு வரியை நின்று படிக்கிறார். கையில் பணம் குறைவாக இருக்கும் தொழிலுக்கு இந்த வழி ஒத்துவருவது அதனால்தான்.

பலரும் இதில் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். மாதச் சந்தா கட்டி ஒரு மென்பொருள், காசு கொடுத்து ஒரு செய்திக் குறிப்பு (பிரஸ் ரிலீஸ்) வினியோகம், அப்புறம் "ஒன்றும் நடக்கவில்லை" என்ற புலம்பல். சொல்வதற்கு ஒரு செய்தியும், அதைக் கேட்கக்கூடிய இருபது பேரின் பெயரும் கையில் இல்லாதவரை எந்தக் கருவியும் உதவாது. இவை இரண்டும் சேர்ந்துவிட்டால் மற்ற கருவிகளில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைப் பட்டறையை வைத்துக்கொள்வோம். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் இடம், நாலு பேர் வேலை செய்கிறார்கள்.

## 1. செய்தி இருக்கிறதா என்று பாருங்கள்

"தரமான சேவை, நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்" என்பது செய்தி அல்ல. எல்லாக் கடைக்காரரும் இதையேதான் சொல்கிறார்கள். ஒரு எளிய சோதனை உண்டு: நீங்கள் சொல்லப்போவதிலிருந்து உங்கள் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதை உங்களைத் தெரியாத ஒருவர் படிப்பாரா? படிப்பார் என்றால் செய்தி இருக்கிறது.

நம் பட்டறையில் என்னவெல்லாம் தேறும்? வேலை எழுதும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், பழுதுக்கு வந்த நாற்காலிகளில் கால் உடைந்தவை எத்தனை, பின்சாய்வு தளர்ந்தவை எத்தனை என்று எண்ணிவிடலாம். அது ஒரு செய்தி, ஏனென்றால் அந்தக் கணக்கு வேறு யாரிடமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை "உடைந்த நாற்காலியைக் கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று அறிவித்தால் அது ஒரு நிகழ்ச்சி. படம் எடுக்கவும் வசதி. மூன்று தலைமுறை உட்கார்ந்த ஊஞ்சல் பழுதுக்கு வந்திருந்தால் அது ஒரு மனிதக் கதை. இந்த மூன்றில் முதலாவதைத்தான் சிறு தொழில்காரர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். சொந்தப் பதிவேட்டில் இருக்கும் எண்களுக்கு நிருபர்களிடம் எப்போதும் மதிப்பு உண்டு. ஆனால் எண்ணிக்கை சிறியதென்றால் சிறியது என்றே சொல்லுங்கள். ஐம்பது நாற்காலியைப் பார்த்துவிட்டு நாட்டு நிலவரம் பேசினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

காலமும் முக்கியம். 2006-இல் கூகுள் வெளியிட்ட கூகுள் டிரெண்ட்ஸ் இலவசக் கருவி. ஒரு விஷயத்தை மக்கள் ஆண்டின் எந்த மாதங்களில் அதிகம் தேடுகிறார்கள் என்று அதில் ஐந்து ஆண்டுகளுக்கு எடுத்துப் பாருங்கள். வரைகோடு ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில் ஏறினால், அதற்கு முன்னால் உங்கள் கதை நிருபர் கையில் இருக்க வேண்டும். நாளிதழுக்குச் சில நாள் போதும். அச்சில் வரும் மாத இதழ்கள் பல மாதங்களுக்கு முன்பே பக்கங்களைத் திட்டமிட்டுவிடும்.

## 2. பத்திரிகைத் தொகுப்பு: ஒரு நாள் வேலை

நிருபர் ஆர்வம் காட்டிய பிறகு படம் தேடக் கிளம்பினால் கதை கைவிட்டுப் போய்விடும். அவருக்கு மாலைக்குள் பக்கம் முடிய வேண்டும். அதனால் யாருக்கும் எழுதுவதற்கு முன்பே கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ ஒரு கோப்புறை தயாராக இருக்கட்டும். அதில் நிறுவனம் பற்றி ஒரு பக்கம் (எப்போது தொடங்கியது, யார் நடத்துவது, எத்தனை பேர், என்ன செய்கிறீர்கள்), நடத்துபவர் பற்றி ஐந்தாறு வரி, லோகோ, படங்கள், உடனே எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்.

இதில் படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கதையும் படம் சரியில்லாமல் சுருங்கிவிடும். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். பத்திரிகையில் 15 செ.மீ. அகலத்துக்கு உங்கள் படம் வர வேண்டுமென்றால் அது ஏறக்குறைய 1,800 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். இன்றைய கைபேசிக் கேமராக்கள் இதற்கு மேலேயே எடுக்கும். ஆனால் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிப்போய்விடும். டாகுமெண்டாக இணைத்து அனுப்புங்கள், அல்லது கோப்புறையின் இணைப்பைக் கொடுங்கள். கிடைமட்டமாகச் சில, செங்குத்தாகச் சில. கடையின் முகப்பைவிட வேலை நடக்கும் கைகள் நல்ல படம். பெயர்ப்பலகைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் படத்தை யாரும் விரும்பிப் போடுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இடமிருந்து வலமாக யார் யார், என்ன செய்கிறார்கள், எடுத்தவர் யார் என்ற குறிப்பு வேண்டும். படத்தில் இருப்பவர்களிடம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், முக்கியமாக வாடிக்கையாளர்களிடம்.

லோகோவை இரண்டு வடிவங்களில் வையுங்கள்: எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எஸ்விஜி, பின்னணி நிறம் இல்லாத பிஎன்ஜி. தனியே வடிவமைப்பாளர் இல்லையென்றால் கேன்வா போன்றவற்றில் அந்த ஒரு பக்க அறிமுகத்தைச் செய்துகொள்ளலாம். அழகு ஓரளவு போதும், தகவல் சரியாக இருக்க வேண்டும்.

கடைசியில் ஒன்று. கோப்புறையின் இணைப்பை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். "அனுமதி கேளுங்கள்" என்று வந்தால் நிருபருக்கும் அதுதான் வரும். அவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்.

## 3. இருபது பேர் பட்டியல்

சிஷன், மக் ரேக் போன்ற நிறுவனங்கள் பத்திரிகையாளர் தரவுத்தளங்களைச் சந்தாவுக்குத் தருகின்றன. அவை மக்கள் தொடர்பு முகமைகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் விலை வைக்கப்பட்டவை. நாலு பேர் பட்டறைக்கு வேண்டாம். ஒரு கூகுள் ஷீட் போதும்.

பட்டியலை எப்படி நிரப்புவது? படித்துத்தான். உங்கள் வாடிக்கையாளர்கள் எதைப் படிக்கிறார்கள், பார்க்கிறார்கள், கேட்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த இதழ்களில் உங்கள் துறையை ஒட்டிய கட்டுரைகளை எடுத்து, மேலே யார் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர், ஊடகம், எழுதும் துறை, கடைசியாக எழுதிய தொடர்புள்ள கட்டுரை, மின்னஞ்சல், நீங்கள் எழுதிய தேதி, என்ன பதில் வந்தது என ஏழு பத்திகள் (நெடுவரிசைகள்) போதும். நாலாவது பத்தி காலியாக இருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கவே கூடாது. அவர் என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் அவருக்கு எழுதி என்ன பயன்?

தேசிய நாளிதழை மட்டும் குறிவைக்காதீர்கள். உள்ளூர் வார இதழ், துறை சார்ந்த சிற்றிதழ், பண்பலை வானொலி, ஐந்நூறு பேர் கேட்கும் பாட்காஸ்ட் எல்லாம் சேரட்டும். அந்த ஐந்நூறு பேரும் பழைய மரச்சாமான் பிரியர்கள் என்றால், பட்டறைக்கு அதைவிட நல்ல மேடை கிடையாது. பெரிய ஊடகத்தில் இருப்பவர்கள் கதை தேடுவதும் பல நேரம் இந்தச் சிறிய இடங்களில்தான்.

## 4. கடிதம்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. நிருபரின் மெயில் பெட்டியில் உங்களுக்குக் கிடைப்பது தலைப்பு வரியைப் படிக்கும் நேரம்தான். வழக்கமாகப் போகும் கடிதம் இப்படி இருக்கும்:

"தலைப்பு: பத்திரிகைச் செய்தி – பிரசுரிக்க வேண்டுகிறோம். மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, எங்கள் நிறுவனம் கடந்த பல ஆண்டுகளாகச் சிறப்பான முறையில் சேவையாற்றி வருகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்..."

இதில் குற்றம் என்று எதுவும் இல்லை. செய்தி என்றும் எதுவும் இல்லை. அதே பட்டறை இப்படி எழுதலாம்:

"தலைப்பு: உடைந்த நாற்காலிகளுக்கு ஒரு நாள் இலவச வைத்தியம் – வரும் ஞாயிறு

வணக்கம். வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் மரச்சாமான்கள் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வரும் ஞாயிறு காலை 9 முதல் 5 வரை எங்கள் பட்டறையில் உடைந்த நாற்காலிகளை இலவசமாகச் சரிசெய்து தருகிறோம். சென்ற ஆண்டு எங்களிடம் வந்த நாற்காலிகளில் பாதிக்கு மேல் ஒரு மூட்டு தளர்ந்ததால் மட்டுமே மூலையில் போடப்பட்டவை. அரை மணி நேர வேலை. எங்கள் மூத்த தச்சர் பேசத் தயார், படங்களும் இந்த இணைப்பில் உள்ளன. நேரில் வர முடிந்தால் காலை 10 மணிக்குக் கூட்டம் அதிகம் இருக்கும், படத்துக்கு நல்லது."

கடைசி வரியைக் கவனியுங்கள். நிருபரின் வேலையை அது எளிதாக்குகிறது. நல்ல கடிதத்தின் அடையாளம் அதுதான்: தேதி, இடம், எண், பேசத் தயாராக ஓர் ஆள், படம். பாராட்டு மொழி தேவையில்லை. அவருடைய கட்டுரையைக் குறிப்பிட்டால் உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். படிக்காமல் "உங்கள் கட்டுரைகளின் ரசிகன்" என்று போட்டால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒருவருக்கு ஒரு கடிதம். இருபது பேரையும் பிசிசியில் போட்டு ஒரே மெயிலாக அனுப்ப வேண்டாம். கனமான இணைப்புகள் வேண்டாம், செய்தி மெயிலின் உள்ளேயே இருக்கட்டும். பதில் இல்லையென்றால் மூன்று நாலு நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதிலும் புதிதாக ஒரு தகவல். அதற்கு மேல் தொலைபேசியில் துரத்தினால் அடுத்த கதைக்கான கதவும் சாத்தப்படும்.

ஒரே ஊடகத்துக்கு மட்டும் கதையை முதலில் தருவதாகச் சொல்லலாம். சொன்னால் சொன்னதுதான். அதே வாக்கை இரண்டு பேருக்குக் கொடுத்து இருவரும் கண்டுபிடித்துவிட்டால் இருவரையும் இழப்பீர்கள். "இந்தத் தேதிவரை வெளியிட வேண்டாம்" என்ற எம்பார்கோவும் நிருபர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் செல்லும். மெயிலின் மேலே சிவப்பில் போட்டுவிட்டதால் அவர் கட்டுப்பட்டுவிட மாட்டார்.

## 5. செய்திக் குறிப்பு

நவீனச் செய்திக் குறிப்புகளில் முதலாவது என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1906 அக்டோபரில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நிறுவனத்துக்காக வேலை செய்த ஐவி லீ, விபத்தை மூடி மறைக்காமல் நடந்ததை எழுதி அவரே பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிறுவனங்கள் வாய் மூடியிருப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. புகழ்ச்சி இல்லாமல், நடந்ததை வேகமாகச் சொல்வது என்ற அந்த அடிப்படை இன்னும் மாறவில்லை.

அமைப்பு எளிது. தலைப்பு. முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன். இரண்டாவதில் பின்னணியும் எண்ணும். மூன்றாவதில் ஒருவர் சொன்னதாக மேற்கோள். கடைசியில் நிறுவனம் பற்றி நாலு வரி, தொடர்பு விவரம். ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். ஆசிரியர் கீழிருந்து வெட்டிக்கொண்டே வருவார் என்று நினைத்து எழுதுங்கள். முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும் செய்தி முழுதாக இருக்க வேண்டும். மேற்கோள் மனிதர் பேசுவதுபோல இருக்கட்டும். "நாற்காலி நாலு கால் பிராணி, ஒரு கால் நொண்டினால் தூக்கிப் போடுவார்களா?" என்று தச்சர் சொன்னால் அதை அப்படியே போடுங்கள், "பேருவகை கொள்கிறோம்" என்று மாற்றாதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு குறிப்பை வினியோகிக்கும் நிறுவனங்கள் உண்டு. பிஆர் நியூஸ்வயர் 1954-இலிருந்தும் பிசினஸ் வயர் 1961-இலிருந்தும் இந்தத் தொழிலில் இருக்கின்றன. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்களுக்கு அவை பயன்படும். சிறு தொழிலுக்கு என் கருத்தில் பெரும்பாலும் வீண் செலவு. "நூறு தளங்களில் வெளியானது" என்று அறிக்கை வரும், அவற்றில் பலவும் யாரும் படிக்காத தானியங்கிப் பக்கங்கள். தேடுபொறியில் மேலே வர உதவும் என்று விற்பார்கள். அதற்காகக் குறிப்புகளில் திணிக்கப்படும் இணைப்புகளைக் கூகுள் 2013-இலேயே தன் விதிமீறல் பட்டியலில் சேர்த்து மதிப்பிழக்கச் செய்துவிட்டது.

## 6. நிருபர்கள் கேட்கும் இடத்தில் நில்லுங்கள்

கட்டுரை எழுதும் நிருபர் "இதைப் பற்றிப் பேச ஒரு நிபுணர் வேண்டும்" என்று கேட்பதும், தொழில்காரர்கள் பதில் சொல்வதுமாகச் சில சேவைகள் இயங்குகின்றன. 2008-இல் தொடங்கிய ஹாரோ இதில் பிரபலம். பின்னர் கனெக்டிவ்லி என்று பெயர் மாறி 2024 இறுதியில் மூடப்பட்டது, 2025-இல் வேறொரு நிறுவனத்தின் கீழ் மறுபடியும் வந்தது. க்வோட்டட், சோர்ஸ்பாட்டில் போன்றவையும் உண்டு. பெரும்பாலும் ஆங்கிலக் கேள்விகள்தான், ஆனால் ஏற்றுமதியோ இணைய விற்பனையோ செய்பவர்களுக்குப் பயன்படும். பதில் சீக்கிரம் போக வேண்டும். "என்னை அழையுங்கள், விளக்குகிறேன்" என்று எழுதாமல், அப்படியே எடுத்து அச்சிடக்கூடிய இரண்டு மூன்று வாக்கியங்களாக அனுப்புங்கள்.

## 7. சொந்த இடம், மதிப்புரைகள்

செய்தியைப் படித்தவர் அடுத்ததாகச் செய்வது உங்கள் பெயரைத் தேடுவது. அங்கே கூகுள் பிசினஸ் புரொஃபைலில் பழைய எண்ணும் தவறான வேலை நேரமும் இருந்தால் மேலே செய்த வேலை அவ்வளவும் வீண். அது இலவசம், 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது. பெயர், முகவரி, தொலைபேசி மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

மதிப்புரையைக் காசுக்கோ தள்ளுபடிக்கோ வாங்காதீர்கள். கூகுளின் விதிகள் அதைத் தடுக்கின்றன. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் கூட்டரசு விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வேலை முடிந்து பொருளை எடுத்துப் போகும்போது "முடிந்தால் நாலு வரி எழுதுங்கள்" என்று நேரில் கேட்பதே போதும். மோசமான மதிப்புரைக்கு ஒரு நாளுக்குள் பதில் எழுதுங்கள், வாதாடாமல், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதோடு. அந்தப் பதில் திட்டியவரைவிட, பிறகு வந்து படிப்பவருக்காக எழுதப்படுவது.

சமூக ஊடகம் பற்றி நீட்டவில்லை. ஒன்றைத் தேர்ந்து ஒழுங்காக நடத்தினால் போதும். மின்னஞ்சல் செய்திமடலை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்தத் தளம் விதி மாற்றினாலும் அந்த முகவரிப் பட்டியல் உங்களிடமே இருக்கும்.

## 8. கண்காணிப்பும் அளவீடும்

கூகுள் அலர்ட்ஸ் 2003-இலிருந்து இருக்கிறது, இலவசம். நிறுவனத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுத்துப் பதிவுசெய்யுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும், மக்கள் வழக்கமாகத் தப்பாக எழுதும் எழுத்துக்கூட்டலிலும் தனித்தனியே. நடத்துபவரின் பெயரையும், உங்கள் துறையின் முக்கியச் சொல் ஒன்றையும் சேருங்கள். இந்தக் கடைசி அலர்ட்தான் பட்டியலுக்குப் புதுப் பெயர்களைக் கொண்டுவந்து தரும். எல்லாம் அதில் சிக்காது, அச்சு இதழ்களை நீங்களே பார்க்க வேண்டியதுதான்.

அளவிடுவதில் ஒரு பழைய பழக்கம் உண்டு. "இத்தனை சென்டிமீட்டர் செய்தி வந்தது, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் இவ்வளவு, ஆகவே இவ்வளவு லாபம்" என்ற கணக்கு. மக்கள் தொடர்பை அளவிடுவதற்காக 2010-இல் வகுக்கப்பட்ட பார்சிலோனா கோட்பாடுகள் இதை வெளிப்படையாகவே நிராகரித்தன. முகமை யாராவது இந்தக் கணக்கைக் காட்டினால் எழுந்து வந்துவிடலாம்.

பதிலாக இரண்டு வேலை செய்யுங்கள். நிருபருக்கோ பாட்காஸ்ட்காரருக்கோ கொடுக்கும் இணைப்பில் யூடிஎம் குறியீடு (எங்கிருந்து வந்தார் என்று காட்ட இணைப்பின் முடிவில் ஒட்டும் சொற்கள்) சேர்த்தால், எந்த ஊடகத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கூகுள் அனலிட்டிக்ஸில் தெரியும். வெளியிடும்போது அந்தக் குறியீட்டை அவர்கள் நீக்கிவிடவும் கூடும். அதனால் இரண்டாவது வேலை இன்னும் நம்பகமானது: புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு அதே நோட்டுப் புத்தகத்தில் ஒரு பத்தியில் எழுதுவது.

## 9. கெட்ட நாளுக்கு ஒரு பத்தி

பொருளில் குறை, ஊழியர்மேல் புகார், பரவிவிட்ட வீடியோ என்று ஏதாவது ஒன்று வரலாம். பதற்றமில்லாத ஒரு நாளில் உட்கார்ந்து மூன்று வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இது எங்கள் கவனத்துக்கு வந்திருக்கிறது. இப்போது இதைச் செய்துகொண்டிருக்கிறோம். இத்தனை மணிக்கு அடுத்த தகவல் தருவோம். யார் பேசுவது என்பதையும் முடிவு செய்யுங்கள், ஒருவர் மட்டும்தான் பேச வேண்டும். தெரியாததை ஊகித்துச் சொல்லக் கூடாது. சொன்ன மணிக்குத் தகவல் இல்லையென்றாலும் "இன்னும் விசாரிக்கிறோம்" என்றாவது சொல்ல வேண்டும்.

2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கோழி வினியோகம் குளறுபடியாகி கேஎஃப்சி நூற்றுக்கணக்கான கிளைகளை மூட நேர்ந்தது. தன் பெயரின் மூன்று எழுத்துகளையும் ஒரு வசைச்சொல் போலத் தோன்றும்படி இடம் மாற்றி, காலி வாளிப் படத்தோடு முழுப் பக்க மன்னிப்பு வெளியிட்டது. பாராட்டு குவிந்தது. சிறு தொழில்காரர்கள் இதைப் பார்த்து நகைச்சுவையில் இறங்க வேண்டாம். அங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் அது எடுபட்டது. யாராவது பாதிக்கப்பட்டிருந்தால் நேரான மன்னிப்பும் நிவாரணமும் மட்டுமே.

## செய்தி வந்த பிறகு

நிருபருக்கு இரண்டு வரி நன்றி. வெளியாகும் முன் கட்டுரையைக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், பெரும்பாலான ஊடகங்கள் காட்டுவதில்லை. எண்ணோ பெயரோ தப்பாக வந்திருந்தால் பணிவாகத் திருத்தம் கேட்கலாம். தொனி பிடிக்கவில்லை என்பதற்குக் கேட்க முடியாது. கட்டுரை முழுவதையும் ஸ்கேன் செய்து உங்கள் தளத்தில் போடுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள், அதன் உரிமை அந்த இதழுக்கு. இணைப்பைப் பகிர்வதில் சிக்கல் இல்லை.

முகமை வைப்பதா என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகுதான். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி ஆறு மாதம் மேலே சொன்னதைச் செய்து பாருங்கள். வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லவே நேரம் போதவில்லை என்ற நிலை வந்தால் முகமை தேடலாம். அப்போதுகூட உங்கள் கூகுள் ஷீட்டின் உரிமை உங்களிடமே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.